கொல்லைப்புற மறைப்புக்கு உயிர்வேலி: முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும்

பின்னணி

வீட்டின் பின்னால் 22 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள ஒரு கொல்லை. அதில் துணி காயப்போட ஒரு கம்பி, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கல் பெஞ்சு, தெற்கு ஓரத்தில் நன்றாகக் காய்க்கிற ஓர் எலுமிச்சை மரம். கிழக்கே ஐந்தடி உயரக் காம்பவுண்டு சுவர், அதற்கு அப்பால் பக்கத்து வீடு. அந்த வீடு தரைத்தளமாக மட்டும் இருந்தவரை யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. மாடி எழும்பி, மாடிச் சமையலறையின் ஜன்னல் நேராக இந்தக் கொல்லையைப் பார்த்துத் திறந்த அன்றுதான் பிரச்சினை ஆரம்பம். வீட்டுக்காரம்மா பெஞ்சில் உட்காருவதை நிறுத்திவிட்டார், துணி உலர்த்துவதைக் கூட இருட்டிய பிறகுதான் செய்தார்.

வீட்டில் நான்கு பேர்: அந்த அம்மா, அவருடைய கணவர், வயதான தாயார், மூன்று வயதுப் பேரன். சுவரை உயர்த்த வேண்டாம், கொல்லை கிணறு மாதிரி ஆகிவிடும், செடி வைத்து மறைப்போம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சரியான முடிவுதான். அடுத்து செய்ததுதான் தவறிப்போனது.

முதல் முயற்சி: வேகமாக வளர்வது எது?

நர்சரியில் போய் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி இதுதான். கிடைத்த பதில் கொனோகார்பஸ். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாகப் பதினொரு கன்றுகள் வைத்தார்கள். செடியைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்தது. ஒன்றரை வருடத்தில் பத்தடி உயரம், அடர்த்தியான பச்சைச் சுவர், ஜன்னல் கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனால் வடக்கு மூலையில் கழிவுநீர் சேம்பர் இருந்தது. வீட்டிலிருந்து வருகிற குழாய் கொல்லையின் வடக்குப் பகுதியில் குறுக்காக ஓடி அந்தச் சேம்பரில் சேர்கிறது. நடும்போது இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒருநாள் குளியலறைத் தண்ணீர் இறங்காமல் திரும்பி வந்தது. சேம்பர் மூடியைத் திறந்தால் உள்ளே தலைமுடிக் கற்றை போல வேர். குழாய் இணைப்பு வழியாக நுழைந்து, உள்ளேயே கிளைத்து, அடைத்து நின்றது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நல்ல நிலையில் உள்ள குழாயை வேர் பெரும்பாலும் உடைப்பதில்லை, கசிகிற இணைப்பைத் தேடிப் போய் நுழைகிறது. அந்த இணைப்பில் ஏற்கெனவே கசிவு இருந்திருக்க வேண்டும். அதற்காகக் கொனோகார்பஸ் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை, தண்ணீரைத் தேடி அவ்வளவு தீவிரமாக வேர் விடுகிற மரத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. குஜராத் அரசு 2023-ல் இதை நடவே தடை விதித்தது.

அது போதாதென்று அகலமும் சேர்ந்துகொண்டது. பக்கவாட்டில் வெட்டாமல் விட்டதால் செடிகள் நான்கடிக்கு மேல் உள்ளே வந்துவிட்டன. 14 அடி கொல்லையில் சுவரோர ஒன்றரை அடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கால்வாசிக்கும் மேல் வேலிக்கே போய்விட்டது. பதினொன்றையும் வெட்டினார்கள். வெட்டிய அடிக்கட்டைகள் மறுபடி துளிர்த்தன, தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. தோட்டம் அமைத்துத் தருகிற என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்த்தது

முதல் நாள் நான் செடி பற்றிப் பேசவே இல்லை. இழைக்கச்சு, நூல், ஒரு நீளமான கழி, அதன் நுனியில் கட்டிய துணி, இவ்வளவுதான். வீட்டுக்காரம்மாவை வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்லி, எங்கிருந்து பார்வை விழுகிறது என்று கணக்கெடுத்தோம்.

உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து 4 அடி. மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் மட்டம் ஏறத்தாழ 16 அடி. செடி வரிசை வரப்போகும் கோட்டிலிருந்து பெஞ்சு இந்தப் பக்கம் 10 அடி, ஜன்னல் அந்தப் பக்கம் 10 அடி. இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டால், 20 அடி தூரத்தில் 12 அடி ஏறுகிறது, நடுவில் இருக்கும் செடி வரிசையைக் கடக்கும்போது அதன் உயரம் 10 அடி. அதாவது பெஞ்சு இருந்த இடத்தில் இருந்தால் பத்தடி வேலி வேண்டும். கொனோகார்பஸ் மறைத்ததும் அதனால்தான்.

சரி, பெஞ்சைச் செடிப்பக்கம் நகர்த்தி வெறும் 5 அடி தூரத்தில் வைத்தால்? இப்போது 15 அடியில் 12 அடி ஏற்றம், செடி வரிசையில் கோட்டின் உயரம் 8 அடி. இரண்டடி குறைந்துவிட்டது, ஒரு கன்று கூட வாங்காமலே! துணிக்கம்பிக்கும் இதே கணக்கைப் போட்டோம். செடி வரிசையிலிருந்து மூன்றடியில் கம்பியைக் கட்டினால், நின்று துணி போடுபவரின் தலையை மறைக்கவும் கிட்டத்தட்ட 8 அடி போதும். மறைக்கும் பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அவ்வளவு குட்டையான மறைப்பு போதும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் செடி வாங்கப் போகிற யாரும் பெஞ்சை நகர்த்திப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. சுவரே ஐந்தடி. எட்டடிக் கணக்கில் அரையடி கூட்டி, தேவைப்படும் மறைப்பு எட்டரை அடி என்று வைத்துக்கொண்டால், செடி உண்மையில் வேலை செய்ய வேண்டியது சுவருக்கு மேலே இருக்கும் மூன்றரை அடிப் பட்டையில் மட்டும். அடியில் இலை இல்லாமல் வெறும் தண்டாக நின்றாலும் குறை ஒன்றும் இல்லை. 'அடி காலியாகிவிடும்' என்று பல செடிகளை ஒதுக்குகிறோம், இங்கே அந்தக் காரணம் செல்லாது.

பக்கத்து வீட்டு அம்மாவையும் போய்ப் பார்த்தோம். தயங்கித்தான் போனோம். அவரோ, தான் சமைக்கும்போது கீழே இவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஜன்னலைச் சாத்திக்கொண்டே வேலை செய்வதாகச் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு கவலை: செடி உயர்ந்து வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடக் கூடாது. நியாயமான கவலை. இங்கிலாந்தில் லேலண்ட் சைப்ரஸ் மர வேலிகள் பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைத்து எழுந்த தகராறுகள் முற்றி, 2003-ல் வந்த ஒரு சட்டத்தில் 2 மீட்டருக்கு மேற்பட்ட பசுமைமாறா வேலிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள். உள்ளாட்சி அமைப்பே வெட்டச் சொல்லி உத்தரவிடலாம். நம் வேலி எட்டரை அடியில் நின்றால் அவருடைய ஜன்னலின் அடிப்பாகத்துக்கும் கீழேதான் இருக்கும், அதை அவர் ஜன்னலிலிருந்தே கழியைப் பிடித்துக் காட்டினோம். அவர் ஒப்புக்கொண்ட உயரமும் எங்கள் கணக்கும் ஒன்றாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மண்ணைத் தோண்டினால் வழக்கமான சங்கதி. சுவரோரம் ஓரடிக்குக் கீழே செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, காய்ந்த சாந்து. பக்கத்து மாடி மறைப்பதால் காலை பத்து மணிவரை வெயில் இல்லை, பிறகு பிற்பகல்வரை நல்ல வெயில். எலுமிச்சைக்கு அடியில் மட்டும் நாள் முழுக்க அரைநிழல்.

எதை ஏன் ஒதுக்கினோம்

வீட்டுக்காரர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதலாவது மூங்கில். ஓடும் வகை மூங்கிலின் கிழங்குத் தண்டு மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும், சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் முளைத்தால் அதோடு நட்பு முடிந்தது. புதர் வகை ஓடாது, இருந்த இடத்திலேயே கொத்தாகப் பெருக்கும். ஆனால் அந்தக் கொத்து வருடா வருடம் வெளிப்பக்கம் பருக்கிறது, சில வருடங்களில் மூன்று நான்கடி அகலம் சாதாரணம். பெரிய தோட்டத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த செடி, இந்தக் கொல்லைக்கு ஆகாது.

அரளியைப் பற்றிப் பேச்சே இல்லை. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மூன்று வயதுக் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, நாள் முழுக்கக் காவல் இருக்க முடியாது. துரந்தாவின் மஞ்சள் மணிக்காய்களும் நஞ்சுதான், குழந்தையின் கண்ணைச் சுண்டி இழுக்கிற மாதிரி வேறு இருக்கும். நெட்டிலிங்கம் ஒல்லியாக நிற்கும், அழகுதான், ஆனால் அது மரம். முப்பதடிக்குப் போக நினைப்பதை எட்டரை அடியிலேயே நிறுத்திவைக்க ஆயுள் முழுக்க ஏணியோடு நிற்க வேண்டும். இட்லிப்பூ மெதுவாக வளரும், எட்டடிக்கு வருவதற்குள் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். செம்பருத்தியைத் தாயார் விரும்பினார், மாவுப்பூச்சியோடு வருடக்கணக்காக மல்லுக்கட்ட அவரே தயாராக இல்லை.

நான் உள்ளூர விரும்பியது காமினி என்கிற முரையா. கருவேப்பிலைக்கு உறவு, பசுமை மாறாதது, நெருக்கமாக வெட்டி நிறுத்தலாம், அரைநிழலையும் தாங்கும், பூ மணக்கும். அதைத் தடுத்தது எலுமிச்சை மரம். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், எலுமிச்சை இனத்து மரங்களையே நலிவடையச் செய்யும் 'பசுமையேறும்' நோயைப் பரப்புகிற, சாறு உறிஞ்சும் சிலிட் பூச்சிக்கு முரையா மிகவும் பிடித்த இருப்பிடம். காய்க்கிற எலுமிச்சைக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சிக்கு விடுதி கட்டித் தர வேண்டாம் என்று நானே கைவிட்டேன். தாயார் எலுமிச்சையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதும் தெரிந்ததுதான்.

எடுத்த முடிவு

கடைசியில் வந்து நின்றது அராலியா. இதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது, "இப்பத்தானே அரளி கூடாதுன்னு சொன்னீங்க?" என்றார். பெயர் ஒலிதான் பக்கத்தில், செடி முற்றிலும் வேறு. அதிலிருந்து நர்சரிக்குப் போகும் யாரிடமும் படத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். அராலியாவின் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும், வாயில் வைக்கிற செடி இல்லை, ஆனால் அரளியோடு ஒப்பிடவே முடியாது. எங்கள் கணக்கில் இலைகள் குழந்தையின் தலைக்கு மேலேதான் இருக்கப்போகின்றன.

தேர்ந்தெடுத்த காரணம் அதன் உடல்வாகு. குச்சி குச்சியாக நேர்மேலே போகும், பக்கவாட்டில் பெரிதாகப் பரவாது, ஒன்றரை அடி அகலத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், எட்டு ஒன்பது அடிக்கு மேல் போக அவசரப்படாது, அரைநிழல் பொறுக்கும். வயதானால் அடி வெறுமையாகும் என்பது அதன் பெரிய குறை, இங்கே அதைச் சுவர் பார்த்துக்கொள்ளும். தெற்கிலிருந்து 13 அடி நீளத்துக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒன்பது செடிகள். இரட்டை வரிசையாக மாற்றி மாற்றி நட்டால் சீக்கிரம் அடரும், அதற்கு அகலம் இல்லை.

வடக்கே குழாய் ஓடுகிற 9 அடியில் மண்ணில் எதுவும் நடுவதில்லை என்று தீர்மானித்தோம். அங்கே சொந்தக் கால்களில் நிற்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சட்டம், எட்டரை அடி உயரம், சுவருக்கு மேலே கம்பி வலை. பொதுச் சுவரில் எதையும் பொருத்தவில்லை. கொடிக்கு இரண்டடி அகல சிமெண்ட் தொட்டி, தொட்டியின் அடித்துளை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்காமல் இருக்க அதைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். கொடியாக ரங்கூன் மல்லி. வீட்டுக்காரம்மா அந்தப் பூவை எங்கோ பார்த்து மயங்கியிருந்தார், அந்தியில் வெள்ளையாக விரிந்து, அப்புறம் இளஞ்சிவப்பாகி, கடைசியில் சிவப்பாகும். நான் அதைவிட மெதுவாகப் படரும் பூண்டுக்கொடியைச் சொன்னேன், பிடிவாதமாகச் சொல்லவில்லை. அது என் தவறு.

செடி வளரும்வரை என்ன செய்வது? முதல் முறை இவர்களைக் கெடுத்தது அவசரம்தான், அதனால் அவசரத்துக்குத் தனியாக வழி செய்தோம். 22 அடி முழுவதும் பச்சை நிழல்வலையைத் தற்காலிகமாகக் கட்டினோம். அன்று மாலையே அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் 'எப்போது வளரும்' என்று கேட்கவில்லை, வளர்ப்பு நிதானமாக நடந்தது.

நடுவதற்கு முன்பு 13 அடிக்கும் ஒன்றரை அடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளி, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்பி, சொட்டுக் குழாய் போட்டோம். கூலிக்கும் நேரத்துக்கும் அதிகம் பிடித்தது இந்த வேலைதான், இதில் மிச்சம் பிடித்திருந்தால் மீதி எல்லாம் வீண்.

பிறகு நடந்தது

நட்ட இரண்டாவது வாரத்தில் ஒன்பது செடியும் இலை கொட்டின. பயந்து போன் வந்தது. அராலியா இடம் மாறினால் அப்படித்தான் கோபித்துக்கொள்ளும், தண்டைக் கீறிப் பார்த்துப் பச்சை இருந்தால் தண்ணீரை அதிகமாக்காமல் விட்டுவிடுங்கள் என்றேன். ஆறாவது வாரம் துளிர்த்தது.

மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்லியிருந்தேன். நுனிக் கொழுந்து இருக்கும்வரை கீழுள்ள மொட்டுகளை அது எழவிடாது, கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் வரும். வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை, உயரம் வேண்டும் என்று வைத்துவிட்டு உயரத்தையே வெட்டுவதா என்று. அவருடைய மனைவி ஐந்தைக் கிள்ளினார், நான்கைக் கணவருக்காக விட்டுவைத்தார். ஒரு வருடம் கழித்துப் போனபோது நானே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைத்திருக்காது: கிள்ளாத நான்கும் ஏழரை அடி, ஒற்றைக் குச்சி, இடையே ஜன்னல் முழுசாகத் தெரிகிறது, கிள்ளிய ஐந்தும் ஆறரை அடிதான், ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தண்டு, சுவருக்கு மேலே இலை பின்னிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அவரே கத்தரிக்கோலை எடுத்து வந்து நான்கையும் ஐந்தடியில் வெட்டினார். அவை மற்றவற்றை எட்டிப்பிடிக்க மேலும் ஏழு மாதம் ஆயிற்று.

முதல் கோடையில் சிலந்திப்பேன் வந்தது, இலை வெளிறிப் புள்ளி புள்ளியானது. சுவரோரம் காற்றோட்டமின்றி வறண்டு கிடக்கும் இடத்துக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. மருந்து அடிக்கவில்லை, மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதில் அடங்கியது. எலுமிச்சை நிழலில் இருந்த இரண்டு செடிகள் கடைசிவரை ஓரடி பின்தங்கியே வந்தன.

ரங்கூன் மல்லி ஏழே மாதத்தில் சட்டத்தை மூடிவிட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். அப்புறம் மழைக்காலக் காற்று வந்தது. இலை நிறைந்த சட்டம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், அதோடு ஈர இலையின் எடை. ஒன்றரை அடி ஆழத்தில் மட்டும் கான்கிரீட் போட்டிருந்த நடுக்கால் சாய்ந்தது, வலை தொப்பை போட்டது. கொடியைப் பாதிக்கு வெட்டி, இரண்டு சாய்வுக் கால்கள் கொடுத்து நிமிர்த்தினோம். கொடியின் பழைய இலைக்காம்புகள் முள்ளாக இறுகி நிற்கும், வெட்டும்போது கை கிழிந்தது. இப்போதும் வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது. பூ அழகுதான், அந்த அம்மா இன்னும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

இருபதாவது மாத நிலை

நிழல்வலையைப் பத்தாவது மாதத்தில் கொடிப்பக்கத்தில் மட்டும் அகற்றினோம், அராலியா பக்கத்தில் பத்தொன்பதாவது மாதம்தான் எடுக்க முடிந்தது. இருபதாவது மாதத்தில் வரிசை எட்டடியைத் தொட்டிருந்தது, நிழலில் இருக்கும் அந்த இரண்டைத் தவிர. அவை நிற்கும் மூலையில் எலுமிச்சையின் கிளைகளே மறைத்துவிடுவதால் பாதகமில்லை. வேலியின் அகலம் ஒன்றே முக்கால் அடி. நகர்த்திய பெஞ்சில் உட்கார்ந்தால் ஜன்னலின் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறது. சேம்பரை இரண்டு முறை திறந்து பார்த்தோம், வேர் இல்லை. கசிந்த இணைப்பையும் முன்பே மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் பகலில் திறந்திருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

செடி வரிசையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் வைத்தது போதவில்லை. பின்பக்கம் கை போகாததால் சுவர்ப்பக்கக் கிளைகளை ஏணி போட்டு மேலிருந்துதான் வெட்டுகிறார்கள், இன்னும் அரையடி தள்ளியிருக்கலாம். வலைச் சட்டத்தின் கால்களை இரண்டரை அடி ஆழத்துக்கு இறக்கி, முதல் நாளே சாய்வுக் கால் கொடுத்திருப்பேன். ரங்கூன் மல்லிக்குப் பதில் பூண்டுக்கொடியை, மூட ஒரு வருடம் கூடுதலாக ஆனாலும், இந்த முறை பிடிவாதமாகவே சொல்வேன். நிழல்வலை இருக்கும்போது அந்த ஒரு வருடம் யாருக்கும் கனத்திருக்காது.

எலுமிச்சை நிழலில் நட்ட இரண்டு அராலியாவும் தேவையே இல்லை, அந்த மூலையின் பார்வைக் கோட்டைத் தனியாக அளந்து பார்த்திருந்தால் ஏழு செடியோடு முடித்திருப்போம். ஒரு முனையில் மட்டும் அளந்துவிட்டு 22 அடிக்கும் அதுவே என்று எடுத்துக்கொண்டது என் சோம்பல். கிள்ளும் வேலையை வீட்டுக்காரர் கையில் விடாமல் மூன்றாம் மாதம் நானே ஒருமுறை போயிருந்தால், வேலி அரை வருடம் முன்னதாக மூடியிருக்கும்.